பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒன்றாம் ஆண்டுக்கு

மலர்க்குழுத் தங்கைமார் கட்டுரை கேட்டபோது, "அக்கா, வைத்தியர் என்ற முறையில் சுகாதாரம் பற்றி ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ எழுதியிருக்கலாம். எங்கள் வயதுக்கு அவை பொருத்தமானவைதாம். ஆனால் நூறு வருடத்தைக் கொண்டாடும் ஒரு மலரில், அந்த நூறு வருடமும் இப்படியொரு பாடசாலையின் வாசலுக்கு வந்து சேராமற்போன பிள்ளைகளைப் பற்றியும் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் வராமற்போனதற்குக் காரணம் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அந்த முதல் ஐந்து வருடங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எனக்குத் தெரிந்த அளவில், மாத்தளை மாவட்டத்துத் தோட்டப் பிள்ளைகளை வைத்து அதை எழுதுகிறேன்.

திருமணமாகி வந்ததிலிருந்து என் வீடு வஹகோட்டையில். உங்களிற் பலர் இவ்வூரை ஜூன் மாதத்து அந்தோனியார் திருநாளால் அறிந்திருப்பீர்கள். கலேவெலவுக்கு அருகிலுள்ள சிற்றூர். இங்குள்ள பழைய குடும்பங்கள் கண்டி மன்னரிடம் சிறைப்பட்டுப் பின்னர் இங்கே குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயப் படைவீரரின் வழிவந்தவை என்பது ஊர் மரபு. கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் கண்டி இராச்சியத்துக்குள் நிலைத்து நின்ற சில கத்தோலிக்க ஊர்களில் இதுவும் ஒன்று. வீடுகளில் பேசுவது சிங்களந்தான். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருநாள் பேச்சுவாக்கில், "இஸ்கோலே, காமரே எல்லாம் எங்கள் பழைய ஆட்கள் கொண்டுவந்த சொற்கள், டொக்டர்" என்று பெருமையாகச் சொன்னார். பாடசாலைக்கும் அறைக்கும் சிங்களத்தில் வழங்கும் சொற்கள் அவை. அவர் சொன்னது சரிதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வளர்ந்த இடத்துக்கு நாங்கள் சொன்ன பெயர் பிள்ளைக்காம்பரா. எங்களைப் பார்த்துக்கொண்டவர் ஆயா. காம்பராவும் போர்த்துக்கேயம், ஆயாவும் போர்த்துக்கேயம். 'பிள்ளைக்காம்பரா ஆயா' என்பதில் பிள்ளை மட்டுமே தமிழ். புத்தகங்களில் இதைப் பிள்ளை மடுவம் என்று எழுதுவார்கள். தோட்டத்தில் எங்கள் வாயில் அது காம்பராதான், லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை காம்பராவாக இருந்ததைப் போல.

நான் பிறந்தது ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், 1980களின் தொடக்கத்தில். அம்மா விடியுமுன் என்னைச் சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுவார். பிந்தினால் பேர் இல்லை. சில நாட்களில் அரைப்பேர். பேர் என்றால் ஒருநாட் சம்பளம் என்பது தோட்டத்துக்கு வெளியே வளர்ந்தவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். காம்பராவில் கூரை மரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருப்போம். கொழுந்து பறிக்க முடியாதபடி முழங்கால் நோவு கண்ட ஒரு வயதான பெண்தான் ஆயா. நல்லவர். அடித்ததில்லை. கஞ்சி காய்ச்சுவார், பால்மாவு கரைப்பார், ஒரு கையால் ஒரு தொட்டிலையும் காலால் இன்னொன்றையும் ஆட்டுவார். அவர் எங்களோடு பேசியதாக எனக்கு நினைவில்லை. பேச அவருக்கு எங்கே நேரம்? அழாமல் கிடக்கும் பிள்ளை நல்ல பிள்ளை. நான் நல்ல பிள்ளை.

இந்தக் காம்பரா எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

வஹகோட்டைக்குக் கிழக்கே தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளைக்குச் செல்லும் வடக்கு வீதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் காட்டினூடாக நடந்து வந்தது இந்தப் பாதையால்தான். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அந்நாட்களில் வந்தவர்களில் ஆண்களே அதிகம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். தோட்டத்தில் பிள்ளைகள் குறைவு. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த இருபது வருடங்களில் மலையெங்கும் தேயிலை ஏறியபோது கணக்கு மாறியது. தேயிலைக்குப் பருவமில்லை. வாரத்துக்கொரு முறை என்கிற அளவில் வருடம் முழுவதும் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. பெண்கள் வந்தார்கள், குடும்பங்கள் தங்கின, லயங்களில் பிள்ளைகள் பிறந்தார்கள். காலை ஆறு மணிக்குத் தாய் மலைக்குப் போனால் கைக்குழந்தையை என்ன செய்வது? பிள்ளைக்காம்பரா அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடை. பிள்ளைக்கு என்ன தேவை என்பதை எவரும் கேட்டு அது உருவாகவில்லை. கொழுந்து நிறுவைக்குத் தாயின் கூடை வந்து சேர வேண்டும் என்பதற்காக உருவானது. ஒரு வைத்தியராக நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். தேயிலைச் செடியடியில் துணி விரித்துக் கிடத்தப்பட்ட பிள்ளைக்குக் கூரையும் கஞ்சியும் கிடைத்தது சிறிய காரியமல்ல.

கல்விக்கான சட்டமும் வந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார்மீது வைத்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் காலை பத்து மணிக்கு முன் பிள்ளைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. பத்து மணிக்குப் பிறகு என்ன என்பதை அந்தச் சட்டமே சொல்லாமற் சொல்கிறது. லயத்தின் ஒரு மூலையிலோ மடுவத்திலோ ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்கும் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார். ஒன்றைக் கவனியுங்கள்: சட்டத்தின் கண்ணுக்குப் பிள்ளை ஆறு வயதிலேதான் தென்படுகிறது. அதற்கு முன் அது தாயின் வேலைக்கு ஓர் இடைஞ்சல், அவ்வளவுதான்.

அதே 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. அதன் கதையும் ஏறத்தாழ நம் கதைதான். பழைய தொடர்மாடிகளைத் திருத்திக் குடும்பங்களைக் குடியேற்றிய கம்பனிக்கு ஒரு தொல்லை. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின், பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பாழாக்கினார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் செலவைவிடப் பிள்ளைகளை ஓர் அறைக்குள் வைத்துக்கொள்ளும் செலவு குறைவு என்று கண்டார்கள். அந்த அறையைப் பொறுப்பேற்க அழைக்கப்பட்டவர் ஒரு வைத்தியர், மரியா மொன்டிசோரி. ஐம்பது பிள்ளைகள் அளவில் இருந்தார்கள். அவர்களோடு நாள் முழுக்க இருந்த பெண் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்லர். மொன்டிசோரி அம்மையார் அந்தப் பெண்ணுக்குச் சொன்னது, பிள்ளைகளுக்குக் கையால் செய்யும் வேலைகளைக் கொடுத்துவிட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும்படிதான். மற்றது உலகறிந்த கதை.

இரண்டு அறைகளும் முதலாளியின் கணக்கில் பிறந்தவை. இரண்டிலும் பயிற்சியில்லாத ஒரு பெண்ணே இருந்தார். ரோமில் அந்தப் பெண்ணின் பக்கத்தில், பிள்ளையைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் நின்றார். எங்கள் ஆயாவின் பக்கத்தில் எவரும் நிற்கவில்லை. இந்த நூறு வருட வரலாற்றில் நான் அறிந்த வேறுபாடு முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மொன்டிசோரி அம்மையார் நம் பக்கம் வராமலும் போகவில்லை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தவர் யுத்தம் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் சில வருடம் இருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் நாட்டவரான லீனா விக்கிரமரத்ன அவருடன் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவரை அந்த முறையைக் கொண்டுபோனார். ஆனால் இங்கே அது நகரத்துக் கட்டணப் பள்ளிகளில்தான் வேர்விட்டது. இன்று கலேவெலவிலும் மாத்தளையிலும் எந்த முன்பள்ளியையும் மொன்டிசோரி என்றுதான் சொல்வோம், அந்த முறைக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகளின் பெயரானது. எங்கள் பிள்ளைக்காம்பராவை எவரும் மொன்டிசோரி என்று சொன்னதில்லை.

இடைக்காலத்துச் சட்டங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கொடுத்தன. வேலைத்தலத்தில் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரைமணி நேரம். இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒருமணி நேரம். காம்பரா கட்டினால் ஒரு தாயிடமிருந்து நாளொன்றுக்கு ஒருமணி நேரக் கொழுந்து கூடுதலாகக் கிடைக்கும். இருந்தாலும் இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். நடுப்பகலில் நெற்றியில் வியர்வையும் இடுப்பில் படங்குச் சாக்கின் ஈரமுமாக அம்மா வந்து என்னைத் தூக்கியதைத் தம்பி தங்கை பிறந்த காலத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அரைமணி நேரத்தில்தான் காம்பராவில் பேச்சுச் சத்தம் கேட்கும். தாய்மார் வந்து பிள்ளையைக் கொஞ்சுவார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், போய்விடுவார்கள்.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்துக்கு வெளியே நிருவாகத்தின் கையிலேயே நின்றன. 1948இல் குடியுரிமையும் போனது. அதன் விளைவை நீங்கள் அறிவீர்கள், விரிவாக எழுதத் தேவையில்லை. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபின் எங்கள் பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்குப் போயிற்று. அங்கிருந்து பெரியம்மா எழுதிய கடிதமொன்றை அப்பா பலமுறை வாசித்துக் காட்டியிருக்கிறார். 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தில் பள்ளிக்குப் போகாத சின்னவர்களுக்கும் பால்வாடியில் சோறு கிடைத்தது. பேரன் அங்கே பாட்டுப் பாடிக் காட்டுகிறான் என்று எழுதியிருந்தார். சோறு பற்றி அம்மா ஆச்சரியப்படவில்லை. "பாட்டெல்லாம் சொல்லித் தர்றாங்களா?" என்றுதான் கேட்டார்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகின. அந்தக் காலத்திலிருந்து தோட்டப் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆகவே நான் முதலாம் ஆண்டுக்குப் போனது ஓர் அரசாங்கப் பாடசாலைக்கு. எந்தப் பாடசாலை என்பது இங்கு வேண்டாம். முதல் நாள் ஆசிரியை ஒரு மஞ்சட் பூவைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டார். எனக்கு மஞ்சள் தெரியும், அம்மா முகத்துக்குப் பூசுவது. நிறம் என்றால் என்னவென்று தெரியவில்லை. பேசாமல் நின்றேன். பேசாமல் நிற்பதுதானே நல்ல பிள்ளைக்கு அழகு என்று நாலு வருடம் பழகியிருந்தேன். எழுதுகோலை முழுக் கையாலும் பிடித்தேன். ஒரு வாரத்துக்குள் கடைசி வாங்குக்கு அனுப்பப்பட்டேன். என்னோடு அங்கே அனுப்பப்பட்ட ஆறு பேரும் பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள். கங்காணியின் மகளும் கடைக்காரர் மகனும் முன் வாங்கில். அவர்கள் வீட்டில் பேச நேரமுள்ள ஒருவர் இருந்தார்.

இரண்டாம் ஆண்டில் வந்த ஓர் இளம் ஆசிரியை எங்களைத் தேயிலைக் கொட்டைகளை வைத்து எண்ண வைத்தார், கதை சொன்னார், கதையை எங்களையே திரும்பச் சொல்லவும் வைத்தார். அதனால்தான் நான் ஐந்தாம் ஆண்டில் புலமைப்பரிசில் பெற்று நம் விடுதிக்கு வந்தேன். கடைசி வாங்கு ஏழு பேரில் நான் ஒருத்திதான் வந்தேன். மற்ற ஆறு பேரும் என்னைவிட மந்தமானவர்கள் என்று நான் ஒருபோதும் நம்பியதில்லை. அதிலொருத்தி, என்னைவிடக் கணக்கில் கெட்டிக்காரி, பதினாறு வயதில் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள்.

ஒன்றாம் ஆண்டு வகுப்பு இப்போது மாறியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தின்படி, பிள்ளை வந்தவுடன் எழுத்தைத் திணிக்காமல், முதல் வாரங்களில் அதற்கு என்ன தெரியும் என்ன வரும் என்பதை விளையாட்டினூடே ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றும் கலந்தே பாடம் நடக்க வேண்டும். நல்ல ஆசிரியர் கையில் இது எத்தனை பெரிய காரியம் என்பது கடைசி வாங்கில் இருந்தவளுக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் உள்ள வகுப்பில் இது எந்த அளவுக்கு நடக்கும் என்பதும் தெரியும்.

பிள்ளைக்காம்பராவின் பக்கம் மாற்றம் வந்தது 1990களில். 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போனபோது, வீடமைப்பு, சுகாதாரம், பிள்ளைப் பராமரிப்பு முதலிய நலன்களைக் கவனிப்பதற்கென ஒரு பொது நிதியம் ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்தில் 'ட்ரஸ்ட்' என்றால் எல்லாருக்கும் தெரியும். காம்பராவின் பெயர் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்றாயிற்று. ஆயாவின் இடத்தில் படித்துப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பதவியோடு வந்தார்கள். சின்னக் கழிப்பறை, கைக்கெட்டும் உயரத்தில் குழாய், நிறைப் பதிவட்டை, சுவரில் படங்கள். 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்கான தேசியக் கொள்கை ஒன்றும் வந்தது. 2015இல் உலக வங்கி 50 மில்லியன் டொலர் கொடுத்த முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டத்தில் தோட்டங்களுக்கெனத் தனிப் பகுதி இருந்தது. புதிய கட்டடங்கள் பல அதனால் எழுந்தன. கட்டடங்களைத் திறந்து வைக்க நாடா வெட்டுபவர்களுக்குப் பஞ்சமில்லை. என் கண்ணில் இவை எல்லாவற்றிலும் பெரியது அந்தப் பதவிப் பெயர்தான். முழங்கால் நோவு கண்டவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை, ஒரு படிப்பு வேண்டிய உத்தியோகமாயிற்று.

இனி வைத்தியர் பேச வேண்டிய இடம். பிள்ளை ஒன்றாம் ஆண்டுக்குத் தயாரா என்பதை எழுத்துத் தெரியுமா என்று கேட்டு அறிய முடியாது. சொன்னதைக் கேட்டு விளங்குகிறதா, வேண்டியதைச் சொல்லால் கேட்கிறதா, தன் முறை வரும்வரை பொறுக்கிறதா, தாயைப் பிரிந்து சில மணி நேரம் இருக்கிறதா, விரல்கள் ஒரு பொத்தானைப் பூட்டும் அளவுக்குப் பழகியிருக்கின்றனவா என்பவைதாம் கேள்விகள். இவை எல்லாம் முதல் மூன்று வருடத்தில், பிள்ளை ஒன்று சொல்ல எதிரில் ஒருவர் மறுமொழி சொல்லும் ஆயிரம் சின்னப் பேச்சுகளில் உருவாகின்றன. தொட்டிலை ஆட்டும் கால் பேசாது.

அதோடு வயிறும் சேர்கிறது. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். அதற்குப் பத்து வருடத்துக்கு முந்திய அளவீட்டில் தோட்டப் பகுதியின் எண் 40. குறைந்திருக்கிறது, உண்மை. 1973இல் தொடங்கிய திரிபோஷாவுக்கும், வீடு வீடாக ஏறி இறங்கும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இதில் பெரிய பங்குண்டு. ஆனால் சத்துமா மட்டும் போதுமா என்ற கேள்விக்கு நம்மைப் போன்ற இன்னொரு தோட்டத் தீவு ஒரு விடை கொடுத்திருக்கிறது. 1986, 87 காலத்தில் ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சத்துணவு. ஒரு பகுதியினருக்கு வாரம் ஒருமணி நேரம் ஒரு சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து, கழித்த பொருட்களால் செய்த விளையாட்டுச் சாமான்களோடு பிள்ளையுடன் விளையாடித் தாய்க்கும் அதைப் பழக்குவார். ஒரு பகுதியினருக்கு இரண்டும். ஒரு பகுதியினருக்கு இரண்டும் இல்லை. இரண்டு வருடந்தான். இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட 100க்கு 25 பங்கு அதிகம் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படி நிலைத்த பலன் காணப்படவில்லை. அந்த உதவியாளர்கள் பட்டதாரிகளல்லர், அயலில் வாழ்ந்த சாதாரணப் பெண்கள். வாரத்துக்கு ஒருமணி நேரம்! எங்கள் ஆயா எங்களோடு நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் இருந்தார்.

வஹகோட்டைப் பக்கத்தில் தேயிலை இல்லை. வயலும் மிளகும் மரக்கறித் தோட்டமும் உள்ள ஊர்கள். இருந்தும் தோட்டத்தை விட்டு இறங்கிய குடும்பங்கள் இங்கேயும் இருக்கின்றன. கடந்த டிசம்பரில் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிவந்தார். "மிஸ், இவன் ஒன்னாம் ஆண்டுக்குச் சரிவருவானான்னு பார்த்துச் சொல்லுங்க. மொன்டிசோரியில ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறானாம்." வீட்டில் தமிழ். நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரே முன்பள்ளி சிங்களத்தில். ஜனவரியில் போகப்போவது தமிழ்ப் பாடசாலைக்கு. தாய் வெளிநாட்டில் வேலை செய்து நான்கு மாதத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தார். அதுவரை பாட்டி வளர்த்தார். பையனின் காதைப் பார்த்தேன். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னே நீர். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளில் இதைக் காண்போம். வலியிராது, அதனால் எவரும் கவனிப்பதில்லை. பிள்ளைக்குச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்கும். கூப்பிட்டால் திரும்பாது, மந்தம் என்ற பெயர் வரும். பையனைக் காது வைத்தியரிடம் அனுப்பினேன், தாயிடம் தினமும் முகம் பார்த்துத் தமிழில் பேசச் சொன்னேன். தங்கைமாரே, ஆசிரியைகளாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்பத் தோன்றினால் அதற்குமுன் அதன் காதையும் கண்ணையும் இரத்தத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

நூற்றாண்டு நிதியை என்ன செய்வது என்ற பேச்சு நடக்கிறது. மண்டபத்துக்குக் கூரை, கணினி அறை, நினைவுத் தூண் என்று பல யோசனைகள். இரு முன்பள்ளி ஆசிரியைகளுக்கு வருடந்தோறும் டிப்ளோமாப் படிப்புக்குப் பணம் கட்டலாம் என்று நான் கூட்டத்தில் சொன்னபோது, நான் மிகவும் மதிக்கும் ஒரு அக்கா, "அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நமக்கு நம் பாடசாலை இருக்கிறது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது, காம்பரா கம்பனியின் பொறுப்பு, ஒன்றாம் ஆண்டு கல்வித் திணைக்களத்தின் பொறுப்பு. ஒவ்வொரு வாசலிலும் பொறுப்பு கைமாறுகிறது. பிள்ளை மட்டும் ஒன்றுதான். மண்டபத்துக்குக் கூரை வேண்டியதுதான். மழைக்கு ஒழுகும் அந்த மண்டபத்தில்தான் நானும் பேச்சுப் போட்டியில் பேசினேன். என் யோசனை இன்னும் மேசையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்திலும் சொல்வேன்.

சென்ற மாதம் பல வருடங்களுக்குப் பின் நான் வளர்ந்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆயா காலமாகி வெகுநாள். காம்பராவின் பழைய கட்டடம் அப்படியே இருக்கிறது; வர்ணம் புதிது, பெயர்ப்பலகை புதிது. கூரை மரத்தில் தொட்டிற் கயிறுகள் உராய்ந்த தழும்புகள் இன்னும் தெரிகின்றன. தொட்டில்கள் இரண்டுதான், மற்றவர்கள் பாயில். பிள்ளைகள் பதினொரு பேர். தோட்டத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு இருபத்தேழு வயதிருக்கும். ஒரு பிள்ளையை மடியில் வைத்து, அது காட்டிய வாளியைப் பார்த்து "ஆமா, வாளி. சிவப்பு வாளி. உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சில், எங்கே படித்தாய் என்று கேட்டேன். நம் பாடசாலையில்தான். உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை, இந்த வேலைக்கு வந்தேன் என்று சற்றுக் கூச்சத்தோடு சொன்னாள். பழைய மாணவியர் சங்கத்தில் சேரவில்லையா என்று கேட்டேன். "அதெல்லாம் டொக்டர்மார், லோயர்மார் இருக்கிற இடம்தானேக்கா" என்றாள்.

மலருக்கு எழுதப்போவதாகச் சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து காட்டினாள். பதிவேடுகள், நிறைப் பதிவட்டைகள், கிழிந்து தைத்த நான்கு படப் புத்தகங்கள். அதில் இரண்டு ஆங்கிலம்.

"தமிழ்ல படப் புத்தகம் வேணும்னு போடுங்கக்கா. பெரிய எழுத்து வேணாம். படம் பெருசா இருந்தாப் போதும்."